எங்க சைடு வீல் வண்டிய நிறுத்திட்டாங்களாம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் கடலூர் கூத்தப்பாக்கம், தையல் வேலை செய்யறேன். புதுச்சேரி வானொலி நிலையத்துல வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, காலையில கிளம்பி பெண்ணையாத்துப் பாலம் தாண்டி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒவ்வொரு ஊரா கடந்து நானேதான் வண்டி ஓட்டிகிட்டு வந்தேன். இப்ப வெளிய வேப்பமரத்து நிழல்ல நிக்குது. அந்த வண்டியப் பத்திதான் இன்னிக்குப் பேசப்போறேன்.

எனக்கு ரெண்டு வயசுல போலியோ வந்துச்சு, ரெண்டு காலும் பலம் இல்ல. நான் ஓட்டறது பின்னாடி ரெண்டு பக்கமும் சக்கரம் சேர்த்த கியர் இல்லாத ஸ்கூட்டர். எண்ணிப் பாத்தா நாலு டயர் இருக்கும், ஆனா ஊர்ல எல்லாரும் மூணு சக்கர வண்டின்னுதான் சொல்றாங்க, நாங்க சைடு வீல் வண்டிம்போம், கவர்மென்ட் பேப்பர்ல இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்னு இருக்கும். ஏன் ஸ்கூட்டர்னா, ரெண்டு பிரேக்கும் கையிலயே இருக்கு, கியர் போட கால் வேணாம், பட்டன அமுத்தினா ஸ்டார்ட் ஆயிடும். பைக்ல இது எதுவும் நடக்காது.

இதுக்கு முன்னாடி நான் ஓட்டினது கையால சுத்தற சைக்கிள். கெடிலம் பாலத்துல ஏத்தம் வரும்போது பாதியில கை ஓஞ்சிடும், நிறுத்தினா பின்னாடி உருள ஆரம்பிக்கும், யாராவது வந்து ஒரு கை குடுத்து தள்ளிவிடற வரைக்கும் அந்த கம்பியப் புடிச்சிகிட்டே இருக்கணும், மழைக்காலத்துல சேலையெல்லாம் சேறா போயிடும். 2002ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு கைனடிக் ஹோண்டா வாங்கினேன். அந்த வண்டியப் பத்தி நம்ம ஆளுங்க கிட்ட கேட்டா மணிக்கணக்குல பேசுவாங்க. 1984ல கைனடிக்கும் ஜப்பான் ஹோண்டாவும் கூட்டு சேர்ந்தாங்க, நம்ம நாட்டுல கியரும் இல்லாம, கிக்கரும் ஒதைக்காம, பட்டன்ல ஓடற ஸ்கூட்டர் பரவலா வந்தது அதுலேருந்துதான். காலேஜ் பொண்ணுங்களுக்கும் பெரியவங்களுக்கும் நெனச்சி பண்ணினாங்களோ என்னவோ, கால் வராதவங்க அத்தன பேருக்கும் அது கதவ தொறந்து விட்டுச்சு. 1998ல ஹோண்டா அந்த கூட்டுலேருந்து வெளிய போயிட்டாங்க, 2008ல ஸ்கூட்டர் பிசினஸ் மகிந்திராவுக்கு போச்சு, 2025ல டிஎக்ஸ்ங்கற பழைய மாடல் பேர்லயே கரண்ட் வண்டியா திரும்ப வந்துருக்கு. பேரு வந்தது சந்தோஷம்தான், ஆனா பழைய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு அது வேற வண்டிங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன். நான் இப்ப ஓட்டறது சீட்டு எடுத்து புதுசா வாங்கின வண்டி. கம்பெனி பேரு இங்க வேணாம். போன வருஷம் சர்வீசுக்கு விடப்போனேன், கவுண்டர்ல இருந்த தம்பி கம்ப்யூட்டர பாத்துட்டு, "அக்கா இந்த மாடல் நின்னுபோச்சே, தெரியாதா"ன்னு கேட்டாரு. ஸ்டாக் இருக்கற வரைக்கும் பார்ட்ஸ் வரும், அதுக்கப்புறம் சொல்ல முடியாது, எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போகுது, புது மாடல் எடுத்துக்கங்கன்னு நோட்டீஸ குடுத்தாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா எனக்கு கை சில்லுனு ஆயிடுச்சு.

ஏன்னு சொல்றேன், சைடு வீல் வண்டிக்காரங்களுக்கு புது மாடல் எடுத்துக்கங்கன்னா அது என்னன்னு வெளிய யாருக்கும் தெரியாது. சைடு வீல் கிட்டுங்கறது எல்லா வண்டிக்கும் பொதுவா கடையில தொங்கற சாமான் இல்ல. வண்டியோட சேசிஸ்ல எங்க எங்க போல்ட் புடிக்கும்னு பாத்து, அந்த மாடலுக்குன்னே பிராக்கெட் அடிக்கணும், ரெண்டு பக்கமும் அச்சு, ஷாக் அப்சார்பர், மட்கார்டு எல்லாம் அளவுக்கு வரணும். சைடு சக்கரம் ரெண்டும் ரோட்ட தொடணும், ஆனா பாரத்த பின் சக்கரம்தான் தாங்கணும். பின் டயர் தேஞ்சி போச்சுன்னா பாரம் சைடுல ஏறிடும், அப்பறம் பின் சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. சில்வர் பீச்சு ரோட்டுல மணல் ஏறின இடத்துல எனக்கே அப்படி ஆயிருக்கு. திருப்பத்துல வேற கணக்கு. ரெண்டு சக்கர வண்டி சாஞ்சி திரும்பும், இது சாயாது, வேகமா திருப்பினா ஆள வெளிப்பக்கமா தள்ளும், அதனால உடம்பு அந்த வண்டிக்குப் பழகணும். எனக்கு சீட் உயரத்த ஒன்ற இன்ச் குறைச்சி, இடது கால் வழுக்காம இருக்க ஃபுட்போர்டுல ஒரு கம்பி வளைச்சி வச்சிருக்காரு எங்க மெக்கானிக். புது மாடல்னா இதெல்லாம் மொதல்லேருந்து. கிட்டுக்குத் தனி காசு, வேலைக்கூலி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சி புக்குல மாத்தி எழுதறது, அதுக்கு நாலு நடை. நாலு நடைங்கறது எங்களுக்கு என்னன்னு நீங்களே நெனச்சிக்கங்க.

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்க வர்ற சைடு வீல் வண்டிங்கள மர நிழல்ல வரிசையா நிறுத்திட்டு நாங்க பேசிகிட்டிருப்போம். மாடல் நின்ன சேதிய நான் அங்கதான் சொன்னேன். ஆளுக்கு ஒரு விதமா ஆனாங்க. திருப்பாப்புலியூர்ல பூக்கடை வச்சிருக்கற ஒரு அக்கா ஒண்ணுமே பேசல, வண்டியோட ஹேண்டில்பார சேல முந்தானையால துடைச்சிகிட்டே இருந்தாங்க. நெல்லிக்குப்பத்து அண்ணன் ஒருத்தர் மறுநாளே பஸ் ஏறி சென்னை போயி ஜிபி ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் அலைஞ்சி டிரைவ் பெல்ட் நாலு, ரோலர் செட்டு ரெண்டு, கிளட்ச் ஷூ எல்லாம் வாங்கிட்டு வந்து தலகாணி உறையில கட்டி பரண்ல போட்டுட்டாரு. சும்மா இல்ல அது, சைடு வீல் சேர்ந்தா வண்டிக்கு எடை ஜாஸ்தி, இழுவையும் ஜாஸ்தி, மத்தவங்க வண்டிய விட எங்களுக்கு பெல்ட்டும் கிளட்ச்சும் சீக்கிரம் போகும். இன்னொருத்தர் அதே மாடல்ல ஆக்சிடென்ட் ஆன வண்டி ஒண்ண முழுசா வாங்கி வீட்டு பின்னாடி தார்பாய் போட்டு மூடி வச்சிருக்காரு, பார்ட்ஸ் கழட்டிக்க. அவரு சம்சாரம், இந்த இரும்புக்குக் குடுத்த காசுல பொண்ணுக்கு கம்மல் வாங்கியிருக்கலாம்னு அழுதாங்க. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு.

ஒரு தம்பி மட்டும், சின்ன வயசு, ஆக்சிடென்ட்ல கால் போனவரு, "எதுக்கு இவ்ளோ கவலை, எலக்ட்ரிக்குக்கு மாறிடலாம்"னாரு. அவரு சொன்னதுல விஷயம் இருக்கு. கரண்ட் வண்டியில சிலதுல ரிவர்ஸ் வருது. எங்க பெட்ரோல் வண்டியில பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது, சுவத்துக்கு நேரா நிறுத்திட்டா யாராவது வந்து பின்னாடி இழுத்து விட்டாத்தான் உண்டு, அந்த ஒண்ணுக்காகவே மாறலாம்னு எனக்கும் ஆசை. ஆனா பேட்டரி ஃபுட்போர்டுக்குக் கீழ இருக்கு, மோட்டார் சிலதுல பின் சக்கரத்துக்குள்ளயே இருக்கு, அங்க பிராக்கெட் எங்க அடிக்கறது, வெல்டிங் வச்சா வாரண்டி நிக்குமா, இதுக்கு ஷோரூம்ல பதில் கேட்டா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கறாங்க.

நான் ரொம்ப நாளா யோசிச்சி கண்டுபுடிச்சது ஒண்ணு இருக்கு. கம்பெனிக்காரங்க கெட்டவங்க இல்ல, அவங்க கணக்குல நாங்களே இல்ல. நாங்க வாங்கும்போது பில்லுல ரெண்டு சக்கர ஸ்கூட்டர்னுதான் எழுதியிருக்கும். சைடு வீல் அதுக்கப்பறம் வெளிய எங்கயோ ஒரு ஷெட்ல சேருது. அதனால ஒரு மாடல நிறுத்தலாமான்னு கம்பெனியில உக்காந்து பேசும்போது, இது விக்கல, இத பிஎஸ் 6ங்கற புது புகை விதிக்கு மாத்த செலவு கட்டாதுன்னு முடிவு பண்ணும்போது, இத நம்பி இத்தன பேர் மூணு சக்கரமா ஓட்டறாங்களேன்னு சொல்ல அந்த மேசையில ஒரு ஆளும் இருக்க மாட்டாரு. 2020 ஏப்ரல் 1லேருந்து பிஎஸ் 6 வந்துச்சு, காத்துக்கு நல்லதுதான், நான் அத எதிர்த்து பேசல, எங்க ஊர்ல சிப்காட் பக்கம் இருக்கறவங்களுக்கு காத்தோட அருமை தெரியும். ஆனா கார்புரேட்டர் போயி ஃபியூல் இன்ஜெக்ஷன் வந்தப்ப, அந்த செலவு பண்ணி மாத்தாம விட்ட மாடலுங்க அப்படியே நின்னுச்சு.

ஃபேக்டரியிலயே மூணு சக்கரமா பண்ற வண்டிங்களுக்கும் இதே கதைதான். இத்தாலியில பியாஜியோ 1948லேருந்து ஆப்பே பண்ணாங்க, ஆப்பேன்னா அவங்க பாஷையில தேனீ. மலைக் கிராமத்துல திராட்சை ஏத்தறதுலேருந்து சந்துக்குள்ள காய்கறி விக்கறது வரைக்கும் அதான். 76 வருஷம் கழிச்சி 2024 கடைசியோட அங்க நிறுத்திட்டாங்க. அங்க நின்னது நம்ம மகாராஷ்டிரா பாராமதியில தயாராகி நம்ம ரோட்டுல ஓடிகிட்டு இருக்கு, அதனால பார்ட்ஸ்ங்கற கவலை ஆப்பேக்காரங்களுக்கு கொஞ்சம் கம்மி. அமெரிக்காவுல ஹார்லி டேவிட்சன் 1932லயே சர்வி கார்னு மூணு சக்கர வண்டி போட்டு 1970கள் வரைக்கும் பண்ணாங்க, போலீஸ்காரங்க பார்க்கிங் பாக்கறதுக்கு ஓட்டினது. முன்னாடி ரெண்டு சக்கரம் வச்சி சாஞ்சி திரும்பற மாதிரி பியாஜியோ எம்பி 3ன்னு 2006ல வந்துச்சு, யமஹா ட்ரைசிட்டி 2014ல. அந்த மாதிரி ஒண்ணு நம்ம விலைக்கு இங்க வந்தா எப்படி இருக்கும்னு நெனச்சிகிட்டே எத்தன ராத்திரி தைச்சிருக்கேன்.

இன்னொரு பேச்சும் வருது, போலியோதான் ஒழிஞ்சிடுச்சே, இனிமே யாருக்கு இந்த வண்டின்னு. நம்ம நாட்டுல கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில, மேற்கு வங்காளத்துல ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சர்டிபிகேட் வந்தப்ப நான் எங்க தெருவுல எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தேன். என்ன மாதிரி இன்னொரு குழந்தை வரக்கூடாதுன்னு மனசார நெனச்சவ நான். ஆனா எங்க தலைமுறை இன்னும் உயிரோட இருக்குங்க, நாப்பது அம்பது வயசுல, உழைச்சிகிட்டு. அதோட ரோட்டு ஆக்சிடென்ட், சர்க்கரையில கால் எடுத்தவங்க, பக்கவாதம்னு புதுசா வர்றவங்க இருக்காங்களே, அவங்க எங்க போவாங்க?

லைசென்ஸ்ல எங்க வண்டிய ரொம்ப காலம் இன்வாலிட் கேரேஜ்னு, அதாவது முடியாதவங்க வண்டின்னு போட்டாங்க. அத படிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தினப்ப அந்த வார்த்தைய எடுத்துட்டு, மாற்றியமைச்ச வண்டிங்கற பேர கொண்டு வந்தாங்க. பேர மாத்த முடிஞ்சவங்களால இன்னும் கொஞ்சம் செய்ய முடியும்னு நான் நம்பறேன்.

நான் என்ன கேக்கறேன்னா, மாடல நிறுத்தவே கூடாதுன்னு கேக்கல. நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது சொல்லுங்க. பெல்ட், கிளட்ச், பிரேக் ஷூ, ஒயரிங், இந்த நாலாவது பத்து வருஷத்துக்கு கிடைக்கட்டும். புது மாடல் விடும்போது சைடு வீல் சேக்க சேசிஸ்ல போல்ட் எங்க புடிக்கலாம்னு ஒரு படம் போட்டு ஷெட்டுக்காரங்களுக்குக் குடுத்துடுங்க, அதுக்கு என்ன செலவாயிடும்? தமிழ்நாடு அரசாங்கம் எங்க ஆளுங்களுக்கு இலவசமா சைடு வீல் ஸ்கூட்டர் குடுக்கறாங்க, மொத்தமா வாங்கறாங்க. அந்த டெண்டர்லயே இத்தன வருஷம் பார்ட்ஸ் தரணும்னு ஒரு வரி கெட்டியா இருக்கட்டும், மொத்தமா வாங்கறவங்க கேட்டா கம்பெனி தலையாட்டித்தான் ஆகணும். 2014ல கார் கம்பெனிங்க உதிரிபாகத்த வெளிக்கடைக்கு விடாம வச்சிருக்காங்கன்னு கம்பெனிங்க நியாயமா வியாபாரம் பண்றாங்களான்னு பாக்கற இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. 2022ல ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்குன்னு மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டு, அந்த டிசம்பர்லயே போர்ட்டலும் தொறந்தாங்க, அதுல வண்டிங்களும் ஒரு பிரிவு. வழி இல்லாம இல்ல. அந்த வழியில சைடு வீல் வண்டியும் போகணும்.

நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கறேன். மகளிர் தையல் சொசைட்டியில வெட்டின துணிய கட்டு கட்டா வாங்கி, ஃபுட்போர்டுல ஒண்ணு, பின்சீட்டுல ஒண்ணுன்னு வச்சிகிட்டு வந்து தைச்சி திருப்பிக் குடுக்கணும். போன ஐப்பசி மழையில பெல்ட் அறுந்து வண்டி பதினோரு நாள் நின்னுச்சு. எங்க மெக்கானிக் நாலு ஊருக்கு போன் போட்டாரு. கடைசியில பண்ருட்டியில ஒரு டீச்சர் வீட்டு மாடிப்படிக்குக் கீழ அவங்க அப்பா ஓட்டின அதே மாடல் வண்டி ஒண்ணு இருந்துச்சு, எடைக்குப் போட மறுநாள் ஆள் வர்றதா இருந்தாங்களாம். அதுலேருந்து கழட்டின பெல்ட்டுலதான் நான் இன்னிக்கு இங்க வந்துருக்கேன்.

அதனால கேட்டுகிட்டிருக்கற உங்க வீட்டுலயும் கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர் ஒண்ணு ஓடாம நின்னா, உப்புக்காத்துல துரு ஏறிப் போயிருந்தாலும் சரி, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி உங்க தெருவுல சைடு வீல் வண்டி ஓட்டறவங்கள ஒரு வார்த்தை கேட்டுடுங்க. எங்களுக்கு வேண்டியது அதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். வணக்கம்.