கிளைவ் குடும்பம் பெயர் மாறிய கதை

எல்லாருக்கும் வணக்கம். ராபர்ட் கிளைவ் என்றதும் நமக்கு 1751 ஆர்க்காட்டு முற்றுகை நினைவுக்கு வரும். இன்று போரை விட்டுவிடுவோம். அவர் வாங்கிய பட்டம் என்ன ஆனது, அதைப் பார்க்கலாம்.

பிளாசியில் ஜெயித்து, பெரும் பணத்தோடு ஊர் திரும்பியவருக்கு 1762இல் 'பிளாசியின் பாரன் கிளைவ்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஆனால் அது அயர்லாந்துப் பட்டம். அதை வைத்துக்கொண்டு லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. மக்கள் சபையில் உட்காரத் தடையில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். சாகும்வரை ஷ்ரூஸ்பரி உறுப்பினராக இருந்தார்.

அப்பாவுக்குச் சண்டையில் கிடைக்காதது மகனுக்குச் சம்பந்தத்தில் கிடைத்தது. மகன் எட்வர்ட் 1784இல் போவிஸ் ஏர்ல் என்ற பட்டம் பெற்ற பிரபுவின் மகள் ஹென்றியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். பெண் வீட்டில் வேல்ஸ் நாட்டுக் கோட்டையும் கூடவே கடனும். மாப்பிள்ளை வீட்டில் இந்தியப் பணம். மேலே நான் சொல்ல வேண்டுமா?

1798இல் எட்வர்ட் சென்னைக்கு ஆளுநராக வந்தார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது இங்கே ஆளுநர் இவர்தான். ஹென்றியட்டா சும்மா சென்னைக் கோட்டைக்குள் இருக்கவில்லை. 1800இல் இரண்டு மகள்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம், கோவை, திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார்.

1801இல் ஹென்றியட்டாவின் அண்ணன் கல்யாணமாகாமலே இறந்தார். ஆண் வாரிசு இல்லை, பட்டம் அற்றுப்போனது. தங்கை புருஷனுக்கு அது தானாக வராது. அதனால் 1804இல் எட்வர்டுக்கென்றே போவிஸ் ஏர்ல் பட்டத்தைப் புதிதாக உண்டாக்கினார்கள். அப்புறம்தான் வேடிக்கை. மாமன் சொத்து தங்கை மகனுக்கு வரவேண்டுமானால் ஹெர்பர்ட் என்ற பெயரை ஏற்க வேண்டும். எட்வர்டின் மூத்த மகன் 1807இல் கிளைவ் என்ற குடும்பப் பெயரையே கழற்றிவிட்டார்! பாவம், 1848இல் வேட்டையின்போது சொந்த மகனின் குண்டு தவறிப் பட்டு இறந்தார்.

நான்காம் ஏர்லின் இரு மகன்களையும் இரண்டு உலகப் போர்கள் கொண்டுபோயின. 1952இல் அவர் இறந்ததும் போவிஸ் கோட்டை, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்குப் போனது. பட்டம் உறவுக்காரருக்குப் போனது. திப்புவின் கூடாரம் இன்றும் அந்தக் கோட்டையில் இருக்கிறது.

தாயோடு தஞ்சாவூர் பார்த்த மகள்களில் ஒருத்தி சார்லட். பின்னாளில் நார்தம்பர்லாந்து டச்சஸ் ஆகி, பிறகு ராணியான சிறுமி விக்டோரியாவை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பில் இருந்தவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செடிக்கு 1828இல் இவருடைய பிறந்த வீட்டுப் பெயரை வைத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் பூக்கும் கிளைவியா அதுதான். ஊட்டிப் பக்கம் வீட்டுத் தொட்டிகளில்கூட நீங்கள் பார்த்திருப்பீர்கள்.