பதினெட்டு நாள் வளர்த்த பல்லி

நேயர்களுக்கு வணக்கம். பல்லி வளர்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். சிறுத்தைப் பல்லி என்று ஒன்று உண்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துக்காரர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள். உலகம் முழுவதும் அதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். நான் வளர்த்தது அதுவல்ல. உங்கள் வீட்டுக் குழல்விளக்கின் ஓரத்தில் இந்த நேரத்தில் பூச்சிக்குக் காத்திருக்கிறதே, அதே சாதாரண வீட்டுப் பல்லி. அதைப் பதினெட்டு நாள் வளர்த்தேன்.

எலிக்காகச் சமையலறை மூலையில் பசை அட்டை வைத்திருந்தோம். விடிந்ததும் பார்த்தால் எலி இல்லை. பல்லி ஒன்று வயிறும் நான்கு கால்களும் ஒட்டிக் கிடந்தது. என் மனைவி, "பாவம், உயிர் இருக்கிறது, பாருங்கள்" என்றாள். கழுத்துப் பக்கம் துடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அந்தக் காலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல்லியின் காலில் பசை கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், பசையே கிடையாது, உலர்ந்த கால். சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியை நசுக்கி நசுக்கி நார் நாராகப் பிரிப்பார்கள் அல்லவா? பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அப்படித்தான் இருக்கின்றன. டோக்கே என்னும் பெரிய பல்லிக்கு ஒரு காலில் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. அவ்வளவு நுனிகளும் சுவரை மிக மிக நெருங்கும்போது, மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள இயல்பான ஈர்ப்பே உடம்பைத் தாங்கிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2000இல் ஒற்றை மயிரின் பிடியை அளந்தார்கள். அந்தப் பிடிக்குக் காரணம் இந்த ஈர்ப்புதான் என்பதை 2002இல் காட்டினார்கள். காலை எடுக்க வேண்டுமென்றால் பல்லி விரல் நுனியை மேல்நோக்கிச் சுருட்டும், பிடி விட்டுவிடும். ஓடும்போது கணத்துக்குக் கணம் இதைச் செய்கிறது. பசை அட்டையில் இந்த வித்தை பலிக்கவில்லை. எந்தச் சுவரும் பிடித்து வைக்க முடியாத கால், கடையில் வாங்கிய பசையிடம் தோற்றுக் கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நல்லெண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு விரலாகத் தடவினேன். இழுக்கக் கூடாது, எண்ணெய் ஊறிப் பசை இளகும்வரை காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரமாயிற்று. கடைசிக் கால் விடுபட்டதும், இன்னும் ஒட்டியிருந்த வாலை அட்டையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு என் உள்ளங்கைக்கு வந்தது. அட்டையில் வால் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. வால் என்பது பல்லிக்குச் சேமிப்பும்கூட. கொழுப்பை அங்கேதான் வைத்திருக்கும். சேமிப்பை இழந்த பல்லி, காலெல்லாம் எண்ணெய். சுவரில் விட்டேன், வழுக்கி விழுந்தது. இரண்டாம் முறையும் விழுந்தது. அதனால்தான் வளர்க்க வேண்டியதாயிற்று.

பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றில் மரப்பட்டையும் காகிதமும் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டினேன். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடவே இல்லை. பக்கச் சுவரில் நீர் தெளித்தால், வழியும் துளிகளை நக்கிக் குடித்தது. சின்னக் கரப்பான் குஞ்சு, அந்துப்பூச்சி, எது அசைந்தாலும் பாய்ந்தது. செத்த பூச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணிமை இல்லாததால் நாக்கை நீட்டிக் கண்ணையே துடைத்துக்கொள்ளும். அதை முதல் முறை பார்த்த இரவு, வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன்.

பதினேழாம் நாள் உடம்பு வெளுத்தது. பழைய தோலை வாயால் கவ்விச் சட்டை கழற்றுவதுபோல் உரித்து, அதையே தின்றது. விரலடித் தோலும் மயிர்களோடு புதிதாகிவிடும். மறுநாள் சுவரில் வைத்தேன். நேயர்களே, கூரைவரைக்கும் ஒரே ஓட்டம்!

பல்லிக்கும் நமக்கும் பழைய உறவு. பிரிந்து போனவன் திரும்பி வருவான் என்று, சங்கப் பாடல்களில் சுவர்ப் பல்லியின் ஒலியை நல்ல நிமித்தமாகக் கேட்டிருக்கிறார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசையில் நிற்கிறோம். வீட்டுக்கு வந்து உயிருள்ள பல்லியைத் துடைப்பத்தால் அடிக்கிறோம். இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், பசை அட்டை வேண்டாம். எலிக்குக் கூண்டு வையுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டே நிமிடம். பல்லியின் விஷத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுவது சரிதான். ஆனால் காரணம் விஷமல்ல, அதன் குடலிலும் எச்சத்திலும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி. பாத்திரத்தை மூடி வையுங்கள்; பல்லியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

முட்டையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஜன்னல் இடுக்கிலோ புத்தக அலமாரியின் பின்னாலோ பெரும்பாலும் இரண்டு வெள்ளை முட்டைகள் இருக்கும், ஓடு கெட்டியாக. புரட்டாமல் அப்படியே விடுங்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வந்துவிடும். இரவில் கதவைச் சாத்தும்போது இடுக்கை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாத்துங்கள். எங்கள் வீட்டுப் பல்லிக்கு வால் மறுபடி முளைத்துவிட்டது. உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு, வெளியே கொஞ்சம் மொட்டையாக. அந்த வாலை வைத்துத்தான் அதை இன்றும் அடையாளம் காண்கிறேன். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.