மட்டக்களப்பில் பறவை பார்க்க: முதலில் வாவித் தண்ணீரைப் பாருங்கள்

[காட்சி: கல்லடிப் பாலம், வெயில் ஏறாத காலமை]

வணக்கம். பறவை பார்ப்பது என்றால் குமணைக்குத்தான் போகவேண்டும் என்று எங்கட பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். குமணை அருமையான இடம், ஏப்ரல் தொடக்கம் ஜூலை வரை அங்கே கூடு கட்டும் நாரைகளைப் பார்க்கப் போகத்தான் வேண்டும். ஆனால் அம்பாறையின் தெற்கு மூலை வரைக்கும் வான் பிடித்துப் போகிறவர்கள் புளியந்தீவைச் சுற்றிக் கிடக்கிற வாவியை ஒரு காலமையாவது நின்று பார்க்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே கவலை.

இந்த வீடியோவில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போகிறேன். பறவைப் பெயர்களைப் பாடமாக்குவதற்கு முன்னால், வாவியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

ஏன் என்றால், கரையில் நின்று இரை தேடும் பறவைகளுக்குக் காலின் நீளம்தான் எல்லை. நெட்டைக்கால் உள்ளான் இருக்கிறதே, கறுப்புச் செட்டை, இளஞ்சிவப்பில் குச்சி மாதிரி நீளமான கால், அது முழங்கால் வரை தண்ணீரில் நின்று மேயும். சின்னச் சின்னக் கோட்டான்களுக்கு (ஆந்தை இல்லை, கரையில் மேயும் குட்டைக்கால் பறவைகள்) அது முடியாது, ஈரச்சேறு வேண்டும். தண்ணீர் ஏறிச் சேறு மூடப்பட்டால் அவ்வளவும் கிளம்பிவிடும், அந்த இடத்தை முக்குளிக்கிற நீர்க்காகமும் மேலிருந்து விழுந்து மீன் பிடிக்கிற ஆலாவும் எடுத்துக்கொள்ளும். ஒரே இடம்தான், ஆட்கள் மட்டும் வேறு.

[காட்சி: பாலமீன்மடு முகத்துவாரம், மணல்திட்டு]

சரி, தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும்? வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கடலோடு சேர்வது இரண்டு இடத்தில், இங்கே பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும். கச்சான் காற்று வீசும் வறட்சியான மாதங்களில் மணல் சேர்ந்து வாய் அடைபடும், வெயிலில் தண்ணீரும் வற்றி ஓரத்தில் சேறு தெரியும். ஓகஸ்ட், செப்டெம்பரில் முதலில் வந்து சேருகிற வலசைப் பறவைகளுக்கு இது பந்தி போட்டு வைத்த மாதிரி. பிறகு வாடைக்காற்றோடு மழை. வருஷத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும், வயல் வெள்ளம் எல்லாம் வாவிக்குத்தான் வரும், சேறு காணாமல் போகும். அந்த நேரம் உள்ளானைத் தேடி வாவிக்கரையில் நிற்காதீர்கள், பெரும்போக வயல் பக்கம் போங்கள். உழவு மெஷினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு நடக்கும். முகத்துவாரம் வெட்டியோ தானாக உடைத்துக்கொண்டோ வெள்ளம் கடலுக்கு இறங்கினதும் சேறு மறுபடியும் வெளியே வரும். அந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். மழை விட்டு ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரைக்கும், வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிற்பாட்டிப் பத்து நிமிஷம் பார்த்தாலும் வீண் போகாது.

இந்தப் பறவைகள் ஏன் இவ்வளவு தூரம் இறங்கி வருகின்றன என்று கேட்கிறீர்களா? இலங்கைக்குத் தெற்கே நேராகப் போனால் அண்டார்ட்டிக்கா வரை தரை கிடையாது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வருகிறவற்றுக்கு நாங்கள்தான் கடைசித் தரிப்பிடம். இதைத் தாண்டிப் போக இடமில்லாத பறவைக்கு எங்கட சேறு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சேற்றில்தான் நாங்கள் நைலோன் வலைத்துண்டும் ஷொப்பிங் பையும் எறிகிறோம். அறுந்த வலை காலில் சுற்றின பறவை இரை தேட முடியாமல் சாகும். தயவுசெய்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள்.

[காட்சி: வாவியோரக் கல்லணை, ஒரு சின்னப் பறவை]

முதலில் பழக ஒரு பறவை சொல்கிறேன். வாவியோரக் கல்லில் தனியாக ஒன்று நிற்கும், முதுகு மண்ணிறம், வயிறு வெள்ளை, அந்த வெள்ளை தோளுக்கும் செட்டைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி மேலே ஏறியிருக்கும். நிற்கும்போதும் நடக்கும்போதும் பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். கிட்டப் போனால் தண்ணீரை ஒட்டினபடி செட்டையை விறைப்பாக, குறுக்கிக் குறுக்கி அடித்துப் பறந்து, கொஞ்சம் தள்ளி அடுத்த கல்லில் இறங்கும். சாதாரண உள்ளான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற உள்ளான்களை இதோடு ஒப்பிட்டே படிக்கலாம்.

முகத்துவாரப் பக்கம் பழுப்புத்தலைக் கடற்காகம் வரும். வந்த புதிதில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும். மார்ச் நெருங்க நெருங்கத் தலை முழுக்கக் காப்பி நிறமாகும். அது முட்டையிடுவது திபெத் மேட்டுநில ஏரிகளில், போவதற்கு முன்னால் இங்கேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். மீசை ஆலாவும் அப்படித்தான், ஏப்ரலில் வயிறு கறுக்கும்.

வெளிச்சத்தையும் பாருங்கள். காலமை என்றால் கல்லடிக் கரையில் நின்று நகரத்தைப் பார்க்கவேண்டும், பின்னேரம் நகரக் கரையில் நின்று கல்லடியைப் பார்க்கவேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். பைனாகுலர் இல்லாவிட்டால் பரவாயில்லை. போனில் மெர்லின் ஆப் இலவசம், பறவையின் குரலைக் கேட்டே இன்னது என்று ஊகித்துச் சொல்லும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள். எழுதும்போது திகதி, இடம், பறவை, எத்தனை என்பதோடு தண்ணீர் எந்தக் கல் வரை நின்றது என்பதையும் சேருங்கள். அடுத்த வருஷம் அந்தக் கொப்பிதான் உங்களுக்கு வழிகாட்டும்.

[காட்சி: வீட்டு வளவு, மாமரத்தடி]

வாவிக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு வளவிலேயே ஒரு விருந்தாளி இருக்கிறது. ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, செட்டையில் நீலம், வாலடியில் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குட்டை. விடியும்போதும் பொழுதுபடும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும், மற்ற நேரம் மரத்தடியில் சருகைப் புரட்டிப் புழு தேடும். அதனால் வளவுச் சருகு எல்லாவற்றையும் கூட்டி எரிக்காதீர்கள், ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள்.

களைத்து வருகிற இந்தக் குருவி யன்னல் கண்ணாடியில் அடிபட்டு விழுவதும் உண்டு. விழுந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு தீத்தாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, மூடி, பூனை எட்டாத அமைதியான இடத்தில் விடுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பெட்டியை மரத்தடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். செட்டை தொங்கினாலோ எழும்ப முடியாமல் கிடந்தாலோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.