அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தாலும் குழந்தை தனக்கு வேண்டிய இரும்பை எடுத்துக்குமா?

அடுத்த கேள்வி. "ஏழாவது மாசம் நடக்குது, ஹீமோகுளோபின் 9. இரும்பு மாத்திரை போட்டா மலச்சிக்கலா இருக்கு. 'குழந்தை தனக்கு வேணுங்கறத உன் உடம்புல இருந்து உறிஞ்சிக்கும், மாத்திரைய விட்டுடு'ன்னு வீட்ல சொல்றாங்க. விடலாமா?"

விடக்கூடாதுங்க. வீட்ல சொல்றது பாதிதான் சரி.

நஞ்சுக்கொடில அம்மாவோட ரத்தம் படற பக்கம் ஒரு அடுக்கு இருக்கு, சின்சிஷியோட்ரோஃபோபிளாஸ்ட்னு பேரு. வாயில நுழையாத பேருதான். செல்லுங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து, நடுவுல இடுக்கே இல்லாத ஒரே படலமா ஆயிடுது. அதனால இரும்பு இந்தப் பக்கம் உள்ள நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வந்தாகணும்.

ரத்தத்துல இரும்பத் தூக்கிட்டு வர்றது டிரான்ஸ்ஃபெரின்ங்கற புரதம். ஒண்ணு 2 இரும்பு அணு வரைக்கும் சுமக்கும். படலத்துல இருக்கற ஏற்பி (அதப் பிடிக்கறதுக்குன்னே இருக்கற புரதம்) அதப் பிடிச்சதும், அந்த இடம் உள்ள குழிஞ்சு ஒரு சின்னப் பையா ஆகுது. பைக்குள்ள அமிலம் ஏறி, பிஹெச் 5.5 கிட்ட வரும்போது இரும்பு கழண்டுக்கும். வெறும் டிரான்ஸ்ஃபெரின் அம்மா ரத்தத்துக்கே திரும்பிடும். குழந்தை பக்கம் வெளிய போற கதவு ஃபெரோபோர்ட்டின்.

செல்லுல இரும்பு குறைஞ்சா ஐஆர்பிங்கற புரதம் வேலைய ஆரம்பிக்குது. ஏற்பி செய்யறதுக்கான ஆர்என்ஏவோட (செல்லு படிச்சுப் புரதம் செய்யற குறிப்பு) வால் பக்கம் போய் ஒட்டிக்கிட்டு, அது சிதையாம காப்பாத்துது. அதனால ஏற்பி கூடும், உள்ள வர்ற இரும்பும் கூடும். வீட்ல சொல்றது இதுவரைக்கும் சரி. ஆனா அதே ஐஆர்பி ஃபெரோபோர்ட்டின் ஆர்என்ஏவோட தலைமாட்டுல ஒட்டும்போது, அதப் படிக்க விடாம தடுத்துடும். வெளிய விடற கதவு குறைஞ்சு போகும். எலிகள்ல இதத் தெளிவாவே பார்த்திருக்காங்க: பற்றாக்குறை கடுமையானா நஞ்சுக்கொடி முதல்ல தன்னத்தான் பார்த்துக்குது. அதுக்கும் உயிர் வாழ இரும்பு வேணுமே.

நிறைமாசக் குழந்தை உடம்புல கிலோவுக்கு சுமார் 75 மில்லிகிராம் இரும்பு இருக்கும். 3 கிலோ குழந்தைன்னா 225. இதுல பெரும்பங்கு கடைசி மூணு மாசத்துலதான் போகுது, அதாவது உங்களுக்கு இப்போ. வர்றது பத்தலைன்னா, குழந்தை அத முதல்ல சிவப்பணுவுக்குத்தான் செலவழிக்கும், மூளைக்கு அப்புறம்தான். அதனால பிறந்ததும் ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் சேமிப்பு காலியா இருக்கலாம். தாய்ப்பால்ல இரும்பு கம்மி, முதல் சில மாசம் அந்தச் சேமிப்பத்தான் நம்பி இருக்கு.

9ங்கறது மிதமான ரத்தசோகை. அரசு முறைப்படி 60 மில்லிகிராம் இரும்பு இருக்கற மாத்திரை தினம் 2. கால்சியம் மாத்திரையோட சேர்த்துப் போடாதீங்க, 2 மணி நேரமாவது தள்ளிப் போடுங்க. டீ, காபிக்கும் அதேதான். எலுமிச்சை ஜூஸோட போட்டா நல்லா ஏறும். மலம் கறுப்பா போனா பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தண்ணி, கீரை, பழம்; அப்பவும் தாங்கலைன்னா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட மருந்த மாத்தித் தரச் சொல்லுங்க. ஒரு மாசத்துல ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறணும். ஏறலைன்னா தொற்று இருக்கான்னு பார்க்கணும், ஏன்னா தொற்று வந்தா கல்லீரல் ஹெப்சிடின்ங்கற ஹார்மோனக் கூட்டி, குடல்லயே இரும்ப மறிச்சிடும். தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் குறைபாட்டோட கூறு இருக்கான்னும் பார்க்கணும். பிரசவத்துக்கு நாள் கம்மியா இருந்தா, ஊசி வழியா இரும்பு ஏத்தறதப் பத்தி டாக்டர்கிட்டயே கேளுங்க.