ரிசல்ட் வருவதற்குள் என்ன செய்ய வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு

[திரையில்: தருமபுரி பேருந்து நிலையம், காலை நேரம். குரல் தொடங்குகிறது.]

பிளஸ் டூ பரீட்சை முடித்த தம்பி, தங்கைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2025ல் மார்ச் 25 அன்று பிளஸ் டூ பரீட்சை முடிந்தது, மே 8 அன்று ரிசல்ட் வந்தது. நடுவில் ஆறு வாரம். இந்த ஆறு வாரத்தில் நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் பேக்கரிக்கோ பெயிண்டிங் வேலைக்கோ பெங்களூருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள், கிருஷ்ணகிரி பக்கம் என்றால் மாந்தோப்பிலும் மாங்கூழ் ஃபேக்டரியிலும் சீசன் வேலை, பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில், சில வீடுகளில் கல்யாணப் பேச்சில். ரிசல்ட் வரட்டும், மார்க்கைப் பார்த்துக்கொண்டு முடிவு பண்ணலாம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் பரீட்சை எழுதியாகிவிட்டது, மார்க்கை இனி யாராலும் கூட்ட முடியாது. நம் கையில் மிச்சம் இருப்பது இந்த ஆறு வாரம்தான். நல்ல மார்க் எடுத்த பிள்ளை ஒரு சர்டிபிகேட் வராததால் சலுகையை இழந்து நிற்பதும், 350 எடுத்த பிள்ளை எல்லாக் காகிதத்தையும் ஃபைலில் போட்டுக்கொண்டு வந்து அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிடுவதும் இங்கே நடக்கிறது.

சம்பாதிக்கப் போவது தப்பு என்று சொல்லவில்லை. வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். போவதற்கு முன்னால் இதை முடித்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

[திரையில்: சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி]

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். நான்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய் கட்டணம். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு மேசையாக ஏறி மேலே போகும். ஏப்ரலில் போட்டால் நிதானமாக வந்துவிடும். ரிசல்ட் வந்த மறுநாள் மாவட்டமே ஒன்றாகப் போட்டால் எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைப் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் தொடங்க வேண்டும், ஏனென்றால் எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, ஆர்.டி.ஓ. அளவில் விசாரணை முடிந்துதான் வரும். அப்பா அல்லது கூடப்பிறந்தவர்களின் பழைய சான்றிதழ் இருந்தால் மனுவோடு சேர்த்து வையுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழில் ஒரு விஷயம். வீட்டில் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் இந்தக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அப்புறம் சான்றிதழை நீட்டினால் பலன் இல்லை. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

அதைவிடப் பெரியது 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் இது உண்டு. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, இதைத் தெரிந்துகொள்ளாமல் தனியார் கல்லூரிக்கு நகை அடகு வைத்துப் பணம் கட்டினால் மனசு கேட்பதில்லை. நடுவில் பள்ளி மாறியிருந்தால், படித்த எல்லாப் பள்ளியிலும் படிப்புச் சான்று இப்போதே வாங்குங்கள். பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் பதிவிலும் அந்த விவரம் சரியாக இருக்கிறதா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

டி.சி. வாங்கப் போகும்போது தமிழ் வழியில் படித்ததற்கான சான்றையும், அந்த பி.எஸ்.டி.எம். என்கிறார்களே, அதையும் கேளுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். பத்து வருடம் கழித்து டி.என்.பி.எஸ்.சி. பாஸ் ஆன பிறகு பழைய பள்ளிகளைத் தேடி அலைவதைவிட இப்போது வாங்கி வைப்பது எளிது.

[திரையில்: ஒரே பெயர், ஒரே இனிஷியல்]

ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல் என்று இருந்தால் மே மாதத்துக்கு முன்பே சரி செய்யுங்கள். சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. புதுமைப் பெண் திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் மாதம் 1000 ரூபாய் வருவது அந்தக் கணக்கில்தான். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்திருக்க வேண்டும், விண்ணப்பம் சேர்ந்த கல்லூரி வழியாகவே போகும்.

[திரையில்: கட் ஆஃப் கணக்கு]

சரி, இப்போது எங்கே விண்ணப்பிப்பது. எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி இல்லை. இன்ஜினியரிங் தனி, அரசுக் கலை அறிவியல் கல்லூரி தனி, வேளாண்மை தனி, கால்நடை தனி. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். படிக்க நீட் வேண்டும் என்று நினைத்து விண்ணப்பமே போடாத பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டில் அந்த இரண்டுக்கும் பிளஸ் டூ மார்க்தான், விண்ணப்பம் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்குப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் போடுங்கள்.

இன்ஜினியரிங்குக்குக் கட் ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணக்கில் 78, இயற்பியலில் 84, வேதியியலில் 80 என்றால் 78, 42, 40, மொத்தம் 160. இந்த 160க்கு உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைத்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி, பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி, இரண்டும் நம் வீட்டு வாசலில் இருப்பவை. எங்கோ தூரத்தில் இருக்கும் பெயர் தெரியாத கல்லூரிக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள் என்பது என் எண்ணம்.

வேண்டிய கல்லூரி, பாடங்களை வரிசையாகப் போடும் சாய்ஸ் ஃபில்லிங்கில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும், உங்கள் ரேங்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அதனால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தோன்றும் நல்ல கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். நஷ்டம் வருவது வேறு விதத்தில். நமக்குப் பிடிக்காததை மேலே போட்டுவிட்டால் அதுவே கிடைத்துவிடும், கீழே இருக்கும் பிடித்த கல்லூரி கை நழுவும். பத்துப் பதினைந்தோடு நிறுத்தினால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், எத்தனை வேண்டுமானாலும் போட அனுமதி இருக்கிறது, எழுபது எண்பது போடுங்கள். இந்தப் பட்டியலை ஏப்ரலிலேயே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள், கல்லூரி எண்ணோடு. சாய்ஸ் ஃபில்லிங்குக்குத் தரும் இரண்டு மூன்று நாளில் பிரவுசிங் சென்டரில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது, அங்கே இருப்பவர் தனக்குத் தெரிந்த கல்லூரியைப் போட்டுவிடுவார். பாஸ்வேர்டை அவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். ஓ.டி.பி. வரும் போன் உங்கள் வீட்டுப் போனாக இருக்கட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சொன்ன கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். கிடைத்தது பிடித்திருந்தால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’. இன்னும் மேலே உள்ளது கிடைத்தால் போகலாம் என்றால் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’. இதில் மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் கீழே கையில் இருந்த இடம் தானாகப் போய்விடும், திரும்ப வராது. அதைப் புரிந்துகொண்டு அழுத்துங்கள்.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குக் கணக்கு வேறு. தமிழ், ஆங்கிலம் தவிர்த்த நான்கு பாடத்தின் மார்க்கை 400க்குக் கூட்டித் தரவரிசை போடுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். தருமபுரி, அரூர், பென்னாகரம், காரிமங்கலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நமக்குப் பக்கத்திலேயே அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமும் இல்லை.

[திரையில்: ஓசூர் சிப்காட், ஷிப்ட் மாறும் நேரம்]

வேலை பற்றி. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளியில் ஓலா, கூத்தனப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ். இவ்வளவு தொழிற்சாலைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது சரியில்லை. பிளஸ் டூ முடித்ததும் கான்ட்ராக்டில் லைனில் நிற்க ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் உடனே வருகிறது, உண்மைதான். சேருவதற்கு முன் கேளுங்கள்: கம்பெனியே நேராக எடுக்கும் கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பயிற்சி என்று சொன்னால், முடிவில் அரசு அங்கீகரித்த அப்ரென்டிஸ் சான்றிதழ் உண்டா? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சரியாக வராத இடத்தில், இரண்டு வருடம் உழைத்தாலும் நீங்கள் கற்றதற்குக் காகிதம் இருக்காது.

எனக்கு நம்பிக்கை உள்ள வழி ஐ.டி.ஐ. அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ முடித்து ரயில்வேயிலேயே அப்ரென்டிஸும் முடித்தால், ரயில்வேயின் தொடக்க நிலையான லெவல் 1 வேலைகளில் 20 சதவீதம் அப்படி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் நேராக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பதினெட்டு வயதில் எடுத்த முடிவோடு எந்தக் கதவும் மூடிவிடுவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி படிக்கலாம். டிகிரி முடித்து அரசு வேலைக்குப் போகப் பத்து, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசை வேண்டும், அதனால் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். மார்க் ஷீட் கையில் வந்ததும் வேலைவாய்ப்புப் பதிவையும் போட்டுவிடுங்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

[திரையில்: ஒரிஜினல் சான்றிதழ்]

பெங்களூரு நர்சிங் கல்லூரி என்று ஊருக்குள் வரும் ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒன்றே ஒன்று. அட்வான்ஸ் தருவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது. ஒரிஜினல் அங்கே மாட்டிக்கொண்டால், இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் சேர முடியாமல் தவிப்பீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்ற அம்மா, அப்பாவுக்கு. ரிசல்ட் வருவதற்குள் மாப்பிள்ளை பார்ப்பது நம் இரண்டு மாவட்டத்திலும் நடக்கிறது. பதினெட்டுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். பதினெட்டு முடிந்த பிள்ளையாக இருந்தாலும் தயவு செய்து ஒரு மூன்று வருடம் கொடுங்கள். மாதம் 1000 ரூபாய் வருகிறது, பஸ் கட்டணம் இல்லை, இன்ஜினியரிங்கோ டிப்ளமோவோ என்றால் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் வருடம் 50,000 ரூபாய். பிள்ளையே இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், பதினெட்டு முடியாமல் வீட்டில் கட்டாயப்படுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

கடைசியாக, ஃபெயில் ஆகிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கு. ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போகாது. ஜூன், ஜூலையில் துணைத் தேர்வு நடக்கும், அதில் பாஸ் ஆனவர்கள் அதே வருடம் கல்லூரியில் சேரலாம், இன்ஜினியரிங்கில் அவர்களையும் சேர்த்துத் துணைக் கவுன்சலிங் நடத்துகிறார்கள். மார்க் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போடலாம், கெடு சில நாள்தான். எங்கும் சேராமல் விடுபட்டவர்களுக்காக ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்துகிறார்கள், சந்தேகம் எதுவானாலும் பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணில் கேட்கலாம். துணைத் தேர்வுக்கு உங்கள் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஹெச்.எம். முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருந்தால் அம்மாவையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ கூட்டிக்கொண்டு, ரிசல்ட் வந்த அந்த வாரத்திலேயே போங்கள்.