மழை கரைக்காமல் விட்டது

மலபார் பக்கம் வீடு கட்டுகிற இடங்களில் சிவப்பும் மஞ்சளுமாக, உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். வெட்டுக்கல். நம் ஊரில் செம்பூரான் கல் என்போமே, அதே வகைதான். அப்போதுதான் வெட்டியெடுத்த கல் ஈரமாக இருக்கும், ஓட்டைக்குள் விரலை விட்டால் மஞ்சள் களிமண் ஒட்டிக்கொண்டு வரும், கோடாலிக்கே வெட்டுப்படும். வெயிலிலும் காற்றிலும் போட்டு வைத்தால் இறுகிவிடும். அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன்தான் 1807-இல் வெளிவந்த தன் நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார்.

சரி, இது எப்படி உண்டாகிறது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகப் பாறைக்குள் இறங்குகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் முதலில் கரைந்து ஓடிவிடும், அப்புறம் மெல்ல மெல்ல சிலிக்காவும் (மணலில் இருக்கிற பொருள்தான்) போகும். இரும்பும் அலுமினியமும் அவ்வளவு எளிதில் கரையாது, அதனால் தங்கிவிடுகின்றன. வெப்பமும் மழையும் லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாமல் வேலை செய்தால்தான் இது நடக்கும். அலுமினியம் அதிகமாகத் தங்கினால் அது பாக்சைட். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் தாய்ப்பாறை வேறு, அதனால் அங்கே நிக்கல் சேர்ந்தது. இந்தோனேசியாவிலும் அப்படித்தான், இன்றைக்கு எவர்சில்வருக்கும் பேட்டரிக்கும் போகிற நிக்கலில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது.

நம் ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரிய இருப்பு ஒடிசாவில், கோராபுட்டின் பஞ்சபத்மாலி போன்ற தட்டையான மலைத்தலைகளில். நான்கைந்து டன் பாக்சைட் வெட்டினால் ஒரு டன் அலுமினியம்.

கணக்கு அதோடு முடிவதில்லை என்பதுதான் என் வாதம். சிலிக்கா போன இடமெல்லாம் துளை, அந்தத் துளைகளில்தான் மலை மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் ஊற்றாக விடுகிறது. எது தாதுவை உண்டாக்கியதோ அதுவேதான் தண்ணீரையும் தேக்குகிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பாக்சைட்டுக்காக வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளிடமே கேளுங்கள் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. அவர்கள் சாமிக்காகவும் சொன்னார்கள், ஓடைக்காகவும் சொன்னார்கள். சுரங்க அறிக்கையில் எத்தனை டன், எத்தனை சதவீதம் என்று போடுகிறோம். அதே அட்டவணையில் அந்த மலையின் ஊற்றுகள் சித்திரை, வைகாசியில் எவ்வளவு தண்ணீர் தருகின்றன என்றும் அளந்து போடுங்கள், சுரங்கக் குத்தகை பற்றி அப்புறம் பேசலாம்.