ஆறாம் வகுப்புப் பதிவேடு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சிற்றூர்ப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடு பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், நம் பள்ளி நூற்றுக்கு நூறா என்பதுதான் ஊராரின் முதல் கேள்வி. கேட்பதில் பிழையில்லை. ஆனால், 400 பேர் எழுதும் நகரப் பள்ளியில் 20 பேர் தவறினாலும் 95 விழுக்காடுதான். 20 பேர் எழுதும் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை தவறினாலும் அதே 95 விழுக்காடுதான். அந்த ஒரு பிள்ளை யாரென்று அன்று மாலைக்குள் தேநீர்க் கடை வரை தெரிந்துவிடும். ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று தலைமையாசிரியர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த நெருக்கடியில்தான் தவறு நுழைகிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வடிகட்டல் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் மாணவனின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளை தனித்தேர்வராக எழுதட்டும் என்று சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டு நூறு விழுக்காடு எளிதாகிவிடும். நான் அறிந்த ஒரு பள்ளியில் அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் ஒருவர்கூடப் பின்னர் தேர்வெழுதியதாக நான் கேள்விப்படவில்லை. அந்த நூறு விழுக்காட்டை என்னால் தேர்ச்சி என்று சொல்ல முடியாது.

எங்கள் பகுதியில் மலைவாழ் குடும்பங்கள் பல, காப்பியும் மிளகும் பறிக்கக் குடகுக்கும் கேரளத்துக்கும் தை மாதத்தில் புறப்பட்டுவிடும்; பொதுத்தேர்வோ பங்குனியில் வரும். அப்படிப் போய்விட்ட ஒரு மாணவனின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் மூன்று வாரங்கள் சிவப்பு மைக் குறிகள் மட்டுமே இருந்தன. அவன் தந்தையோடு தொலைபேசியில் பேசி, அவனைப் பாட்டி வீட்டுக்கு வரவழைத்தோம். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று கணிதத்தில் 16 மதிப்பெண் கையிலேயே இருக்கிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. மாலைதோறும் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, கவராயத்தின் முனை நழுவாமல் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து பழகினான். முதல் பத்து நாள்கள் தாள் கிழிந்ததுதான் மிச்சம். தேர்வில் 37 எடுத்தான். இந்த 37-க்குப் பின்னால் இருந்த உழைப்பை எந்த விழுக்காட்டுப் பட்டியலும் காட்டாது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: ஐந்தாண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் இவ்வாண்டு தேர்வறையில் அமர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இடையில் விடுபட்ட பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வீடுகள் எவையென்று உங்களுக்கே தெரியும்.

நன்றி, வணக்கம்.